நாலாவது தொட்டி

– முடியாதுங்க மேடம்.

– யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

– இதுல யோசிக்க என்ன இருக்கு? இருபத்தாறு வருஷமா சொன்னதுதான், இப்ப இருபத்தேழாவது தடவையா சொல்றேன். நேத்து நீங்க உறைய மேசையில வச்சப்பவே சொல்லியிருப்பேன். கடையில ஆளுங்க இருந்தாங்க, பாத்துக்கோங்க.

– அதாவது, இந்த வருஷம் கொஞ்சம் வெளிப்படையாவே எழுதியிருந்தேன்.

– நீங்க எப்படி எழுதினாலும் இந்தக் கடையில பதில் ஒண்ணுதான்.

– காரணம் கேக்கலாமா? இத்தன வருஷம் கேக்கல. கடைசி வருஷமாச்சே, கேட்டுடறேன்.

– கடை சின்னது. எனக்கும் அக்காவுக்குமே இடம் பத்தல. அவளுக்குத் தூசியும் ஒத்துக்காது.

– தூசி. சரி. நான் வேலை பாக்குற இடம் அப்படி.

– பாய்லரையும் நகத்த முடியாது.

– பாய்லர யாரு நகத்தச் சொன்னா?

– பின்ன எப்படி?

– ஒண்ணும் இல்ல, விடுங்க. கோவமெல்லாம் இல்ல. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன். என் துணியெல்லாம் ஆச்சா?

– எல்லாம் ரெடி. காக்கி ஜாக்கெட் மூணு, சட்டை அஞ்சு, தொப்பி ஒண்ணு. தொப்பிய மட்டும் நான் என்ன பண்ணாலும் வெள்ளையாக்க முடியல. ரெண்டாயிரம் வருஷத்து மண்ணு, லேசுல விடுமா? பையில இருந்ததெல்லாம் தனித்தனிக் கவர்ல போட்டு எழுதியிருக்கேன், சரிதானே?

– காட்டுங்க. "பழைய ஜாக்கெட், வலது பை, பென்சில் துண்டு ரெண்டு." "புது ஜாக்கெட், மேல் பை, ஆணி ஒண்ணு, துருப்பிடிச்சது." இது என்ன, "சந்தேகம், கல்லா ஓடான்னு தெரியல"?

– தெரியலன்னா தெரியலன்னு எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க. முதல் வருஷம் உங்க பையில இருந்த ஓட்டுத் துண்ட நான் குப்பையில போட்டுட்டேன்னு எப்படிக் கத்துனீங்க.

– கத்தல. எடுத்துச் சொன்னேன்.

– எடுத்துச் சொன்னது எதிர்ச் சாரி சலூன் வரைக்கும் கேட்டுச்சு. எங்க கெடச்சுதுன்னு எழுதலன்னா தங்கமும் குப்பைதான்னு சொன்னீங்க. அதுல இருந்து ஒரு பொத்தான் கூட சீட்டு எழுதாம நான் வச்சதில்ல.

– என் மாணவங்கள்ல பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இது?

– அதான். "புது ஜாக்கெட், உள் பை, ரயில் டிக்கெட், நாளைக்கு." நல்லவேளை, தண்ணியில போடுறதுக்கு முன்னால கை விட்டுப் பாத்தேன்.

– நல்லவேளை.

– அப்போ நாளைக்குக் காலைலயே கிளம்பறீங்க.

– தம்பி வீட்டுல மாடி ரூம ஒழிச்சு வச்சிருக்கான். ஜன்னலத் தொறந்தா கிரிக்கெட் மைதானம் தெரியுமாம். அதாவது, தோண்ட ஆசை வந்தா பிட்ச்ச தோண்டிக்கோன்னு சொல்றான்.

– இங்க அந்தக் குழி?

– அதுக்குக் கூரை போட்டுட்டாங்க, வேலி போட்டுட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து பாக்கும். மூணு தொட்டி, ஒரு கால்வாய், காயப்போடுற முற்றம். இருபத்தேழு வருஷ வேலைய அரை மணி நேரத்துல சுத்திப் பாத்துட்டுப் போயிடலாம்.

– அப்படிச் சொல்லாதீங்க மேடம்.

– வருத்தப்பட்டுச் சொல்லல. எனக்கு நெறஞ்ச மனசுதான். எங்க அம்மா என்னைப் பேங்க் பரீட்சை எழுதச் சொன்னாங்க. நான் செத்துப்போன மொழியப் படிச்சேன், செத்துப்போன ஊரத் தோண்டுனேன். மத்தவங்களுக்கெல்லாம் கோயிலு, அரண்மனை, சிலைன்னு கெடச்சுது. எனக்கு விழுந்தது ஒரு லாண்டரி. மொதல்ல அழுதேன். அப்புறம் பாத்தா அரண்மனைக்காரன் துணியும் அங்கதானே வந்திருக்கு.

– அது லாண்டரிதான்னே உங்க பெரியவர் ஒத்துக்கலையே.

– மீன் ஊற வைக்கிற தொட்டின்னு அடிச்சுச் சொன்னார். அவர் அப்போ தோண்டலுக்கே தலைவர். எதிர்த்துப் பேச எனக்கு வாய் இருந்துச்சு, ஆதாரம் இல்ல. நீங்க வந்து குழியில எட்டிப் பாத்தது ஞாபகம் இருக்கா?

– இல்லாமயா? சட்டை குடுக்க வந்தேன். நீங்க தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க.

– "இது துணி துவைக்கிற இடம்தாங்க"ன்னீங்க. எப்படிச் சொல்றீங்கன்னு கேட்டேன். தொட்டிக்கு ரெண்டு பக்கமும் இருந்த சின்னச் சுவரக் காட்டுனீங்க. மேல்பக்கம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கு, ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு உள்ள நின்னு ஒருத்தன் மிதிச்சிருக்கான், மீனுக்கு எதுக்குக் கை ஊனணும்னு கேட்டீங்க.

– எங்க அப்பா பழைய கடையில கம்பளிய அப்படித்தான் மிதிப்பார். ரெண்டு கட்டைய ஊனிக்கிட்டு. அதப் பாத்தவனுக்கு இது தெரியாதா?

– அந்த ஒரு பேச்சுதான் என் டாக்டர் பட்டம். அத வச்சுத்தான் மூணு நாட்டுல மேடை ஏறிப் பேசுனேன். புத்தகத்துல உங்களுக்கு நன்றி போட்டிருக்கேன்.

– தெரியும். அந்தப் புத்தகத்த பிளாஸ்டிக் உறை போட்டு பீரோ மேல் தட்டுல பத்திரமா வச்சிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி படவிடல.

– படிச்சீங்களா?

– ஈரக் கையோட எப்படிங்க தொடுறது?

– பதினாலு வருஷமா கை காயலையா?

– டேய், டாக்டரம்மாவ நிக்க வச்சுப் பேசிக்கிட்டிருக்கியே, அந்த ஸ்டூல எடுத்துப் போடக் கூடாதா? உக்காருங்கம்மா. டீ கொண்டாந்திருக்கேன்.

– வாங்கக்கா. முட்டி வலி எப்படி இருக்கு?

– அதக் கேக்காதீங்க. உங்களுக்குப் பட்டம் கெடச்ச புதுசுல டாக்டர்னு சொன்னாங்களேன்னு உங்ககிட்ட வந்து முட்டியக் காட்டுனேன். மருந்து எழுதித் தருவீங்கன்னு பாத்தா, அந்தக் காலத்து லாண்டரிக்காரனுக்கும் முட்டிதான் மொதல்ல போகும்னு சொல்லி அனுப்பிட்டீங்க.

– உண்மையத்தானேக்கா சொன்னேன்.

– ஆறுதலாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. அவனுங்க மூத்திரத்த ஊத்தித் துவைப்பானுங்கன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. என்ன இது, துணியெல்லாம் மூட்டை கட்டியாச்சு?

– நாளைக்குக் கிளம்புறாங்கக்கா. சொன்னேனே.

– சொன்ன. மூணு நாளா அத மட்டும்தான் சொல்லிக்கிட்டிருக்க. நேத்து ஒரே சட்டைக்கு மூணு தடவ கஞ்சி போட்டிருக்கான்மா, இங்க பாருங்க, தட்டுனா பலகை மாதிரி சத்தம் வருது.

– அக்கா, நீ உள்ள போ.

– எதுக்குப் போகணும்? டாக்டரம்மா, நீங்களும் வருஷா வருஷம் இவன்கிட்ட எழுதிக் குடுக்குறீங்க. இவனும் முடியாதுங்குறான். எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அந்த பாய்லருக்கு அடியில என்ன இருக்குன்னு நீங்க இப்படி அலையறீங்க?

– அக்கா.

– நீ சும்மா இருடா. மூணு தொட்டி வெளிய இருக்கு, நாலாவது உங்க கடைக்கு அடியில வரும்னு படம் போட்டுக் குடுத்தாங்க. சுவத்துல மாட்டியிருக்கான், அந்தப் புள்ளி வச்ச கோடு. ஆனா அங்க ஏதும்மா தொட்டி? நான் பத்தாவது படிக்கும்போது எங்கப்பா பாய்லர் வைக்கக் குழி வெட்டுனார். கல்லு கல்லா வந்துச்சு. அத்தனையும் கடப்பாறையால உடைச்சு ரெண்டு வண்டி அள்ளிக் கொட்டுனோம். நானே கூடையில சுமந்தேன். இவனும்தான் சுமந்தான். என்னடா முழிக்கிற? சுமந்தியா இல்லையா?

– சுமந்தேன்.

– அதச் சொல்ல வேண்டியதுதானே டாக்டரம்மாகிட்ட? பாவம், இருபத்தேழு வருஷம்.

– மேடம்.

– சொல்லுங்க.

– நான் மன்னிப்புக் கேக்கணும் உங்ககிட்ட.

– எதுக்கு?

– அடியில ஒண்ணும் இல்லைன்னு எனக்கு மொத நாள்லயே தெரியும். நீங்க வந்து அந்தப் படத்த விரிச்சு, புள்ளிக்கோட்டு மேல விரல வச்சு, "இங்க ஒரு தொட்டி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு"ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல.

– ஏன் வரல?

– சொன்னா நீங்க வேலைய முடிச்சுக்கிட்டுப் போயிடுவீங்க. மூணு தொட்டி ஆச்சு. நாலாவது பாக்கி இருக்குற வரைக்கும்தானே வருவீங்க? சரின்னு சொன்னாலும் தோண்டிப் பாத்துட்டுப் போயிடுவீங்க. முடியாதுன்னா மட்டும்தான் அடுத்த வருஷமும் வந்து கேப்பீங்க. அதான் முடியாது, முடியாதுன்னு. தப்புதான். உங்க தொழில்ல பொய் சொன்ன மாதிரி.

– அட போடா. இதுதான் சங்கதியா? நான் பாத்த பொண்ணையெல்லாம் கடை இருக்கு, வேலை இருக்குன்னு தட்டிக் கழிச்சியே, இதுக்குத்தானா?

– அக்கா, கொஞ்சம் சும்மா இரு.

– சும்மா இருக்குறதா? டாக்டரம்மா முகத்தப் பாரு. சிரிக்கிறாங்க.

– சிரிக்காம என்ன செய்ய? அங்க ஒண்ணும் இல்லைன்னு எனக்கும் தெரியும்.

– உங்களுக்கா?

– பதினோராவது வருஷமே தெரியும். நீங்க சோப்புத்தூள் எடுக்க வெளியூர் போயிருந்தீங்க. தரைக்குள்ள பாக்குற கருவிய வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தோம். அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் உள்ள வந்தோம்.

– அந்த நாலு சக்கர வண்டியா? தரை துடைக்கிற மிஷினக் காட்டி விக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். துடைச்ச மாதிரியே இல்லையேன்னு அப்புறம் நானே ஒரு தடவ துடைச்சேன்.

– அதுல படம் தெளிவா வந்துச்சு. பாய்லருக்கு அடியில வெட்டி நிரப்புன குழி. தொட்டி இருந்திருக்கு, பின்னால வந்தவங்க உடைச்சுட்டாங்கன்னு எழுதினேன். புத்தகத்துல நூத்திப் பதினாலாம் பக்கம். பிளாஸ்டிக் உறைக்குள்ள பத்திரமா இருக்கும்.

– பதினோராவது வருஷமா?

– ஆமா.

– அப்புறமும் எதுக்கு மேடம் தோண்டணும் தோண்டணும்னு எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்தீங்க?

– தோண்டணும்னா? நான் எங்க எழுதினேன்?

– வருஷா வருஷம். நேத்துக்கூட.

– கொஞ்சம் இருங்க. நேத்து வச்சதப் படிச்சுட்டுத்தானே முடியாதுன்னு சொன்னீங்க?

– அது வந்து மேடம், மொத வருஷம் படிச்சேன். "தங்கள் கடையின் தரைப்பகுதியை அகழ்ந்து ஆய்வு செய்ய அனுமதி கோரி"ன்னு இருந்துச்சு. ரெண்டாவது வருஷமும் படிச்சேன். தேதிதான் மாறியிருந்துச்சு.

– தேதி மட்டும்தான் மாத்தினேன். அப்புறம்?

– அப்புறமும் அதே பழுப்பு உறை, அதே துறை முத்திரை. என்ன கேக்கப்போறீங்கன்னு தெரிஞ்சதுதானே. பிரிச்சுப் படிச்சா மனசு கேக்காது, உண்மையச் சொல்லிடுவேனோன்னு பயம். அதனால பிரிக்கல. ஆனா ஒண்ணுகூடத் தூக்கிப் போடல, பாத்துக்கோங்க. எல்லாம் இந்த பிஸ்கட் டப்பாவுல இருக்கு. வருஷம் எழுதி, நீங்க வந்து குடுத்த தேதி எழுதி, வரிசையா அடுக்கியிருக்கேன்.

– பிரிக்காமலா?

– பிரிக்காம.

– பன்னெண்டாவது வருஷத்துது?

– இந்தா இருக்கு. ஒட்டுனது ஒட்டுனபடி.

– பதினெட்டாவது?

– அதுவும்தான். ஏன் மேடம் முகம் இப்படி ஆயிடுச்சு?

– அக்கா, எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க.

– தண்ணி இந்தாங்க. என்னம்மா ஆச்சு? அந்த உறைக்குள்ள என்ன வச்சீங்க?

– இவர் படிச்சுட்டுத்தான் முடியாதுன்னு சொல்றார்னு நெனச்சேன் அக்கா. பதினஞ்சு வருஷம். மொத தடவ சொன்னப்போ ரொம்ப வலிச்சுது. லாட்ஜுக்குப் போய் அழுதேன். மறுநாள் சட்டை வாங்க வந்தேன். பாத்தா, அறுந்து போயிருந்த பொத்தானுக்குப் பதிலா வேற பொத்தான் தேடிப் பிடிச்சு, அதே நிற நூல்ல தைச்சு வச்சிருக்கார். டீ வேற. வாய் முடியாதுங்குது, பொத்தான் வேற என்னமோ சொல்லுது. அதாவது, எங்க தொழில்ல ஆதாரம் ரெண்டு பக்கமும் இழுத்தா முடிவு சொல்ல மாட்டோம். அடுத்த வருஷம் பாப்போம்னு விட்டுடுவோம்.

– நீங்க வேற உறையிலயாவது போட்டிருக்கக் கூடாதாம்மா? ஒரு ரோஸ் கலர் உறை கடையில கிடைக்காதா?

– ஆபீஸ்ல இருந்தது அதுதான் அக்கா. முத்திரை இருந்தா கௌரவமா இருக்கும்னு நெனச்சேன்.

– ஊரெல்லாம் தோண்டுறவங்களுக்கு வாயத் தொறந்து கேக்கத் தெரியல. ஊர்த் துணியெல்லாம் வெளுக்குறவனுக்கு ஒரு உறையப் பிரிக்கத் தெரியல. நல்லாச் சேந்தீங்க. டேய், அந்தப் பன்னெண்டாவது வருஷத்தக் குடு, நான் பிரிக்கிறேன்.

– அக்கா, இரு. மேடம், பிரிக்கலாமா?

– உங்களுக்கு எழுதினதுதானே. பிரிங்க.

– என் கை ஈரமா இருக்கு. அக்கா, நீயே படி.

– கண்ணாடி எங்க? ம். படிக்கிறேன். "ஐயா, உங்கள் கடைக்கு அடியில் எதுவும் இல்லை என்று கருவி சொல்லிவிட்டது. இனி உங்கள் தரையைத் தொட மாட்டேன். இங்கே என் வேலை இன்னும் பல வருஷம் நடக்கும், எதிர்ப்பக்கம் ஒரு தெருவே புதைந்து கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ரயில் ஏறும்போது எனக்கு ஊருக்குப் போகிற மாதிரி இல்லை, ஊரை விட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. உங்களுக்குச் சம்மதம் என்றால் நான் இங்கேயே, உங்களோடு இருந்துவிடுகிறேன். என்னால் நேரில் கேட்க முடியவில்லை. சம்மதம் இல்லை என்றால் காரணம் எதுவும் வேண்டாம். வழக்கம்போல, முடியாதுங்க மேடம் என்று மட்டும் சொல்லுங்கள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறேன்."

– அக்கா, அந்தக் கடிதத்தக் கீழ வை. ஈரமாயிடும்.

– உன் கண்ணுதான்டா ஈரம். பதினஞ்சு வருஷம் இதே கேள்வியா டாக்டரம்மா?

– ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மாத்தி எழுதுவேன். இருபதாவது வருஷம் கொஞ்சம் கோவமா எழுதியிருப்பேன், அத மட்டும் பிரிக்காதீங்க.

– நேத்து வச்சது?

– அது சின்னது. ரெண்டு வரிதான்.

– டேய், இதையாவது நீ பிரி. ஆம்பளையா லட்சணமா உன் கையால பிரி.

– பிரிக்கிறேன். "இது கடைசித் தடவை. நாளை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், நீங்கள் சொன்னால் போக மாட்டேன்."

– வாயத் தொறடா. கொஞ்சம் முன்னால முடியாதுன்னு சொன்னியே, அதையே இன்னொரு தடவ சொல்லப் போறியா?

– மேடம், அந்த டிக்கெட் கவர இப்படிக் குடுங்க. இந்த டப்பாவுல போட்டு மூடிடுறேன். இதுல போட்ட எதையும் நான் வெளிய எடுத்ததில்ல, அது உங்களுக்கே தெரியும்.